முள்ளைக் குறை சொல்வதற்கு முன்

பழைய காரின் பெட்ரோல் முள் படுத்துவிட்டால் கேஜ் கெட்டுவிட்டது என்று சொல்வதுதான் வழக்கம். தேடல் தவறான திசையில் கிளம்புவதும் அங்கேதான். டேஷ்போர்டைக் கழற்றி, கேஜை வெளியே எடுத்து, எங்கிருந்தோ இன்னொன்றை வரவழைத்து மாட்டிய பிறகும் முள் எழுந்திருக்காது. அடுத்து டேங்க் யூனிட்டின் முறை வரும். அதையும் மாற்றினால் சில சமயம் முள் எழும். ஆனால் டேங்க் தளும்பும்போது முக்கால்தான் காட்டும், காலியாகும்போது இன்னும் கால் டேங்க் இருப்பதாகக் காட்டும். ஐம்பது ஆண்டுகள் ஒழுங்காக உழைத்த இரண்டு அசல் பாகங்கள் குப்பைக்குப் போயிருக்கும், கோளாறு மட்டும் போகாமல் இருக்கும். நான் சொல்ல வருவது இதுதான்: இந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை எந்தப் பாகமும் வாங்காமல், ஒரு முழம் வயரும் ஒரு டெஸ்ட் பல்பும் ஒரு மல்டிமீட்டரும் வைத்துக்கொண்டே கண்டுபிடித்துவிட முடியும். அப்படி முறையாகத் தேடுகிறவர் கேஜைக் கடைசியாகத்தான் தொடுவார்.

உதாரணத்துக்கு எம்ஜிபி காரை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான இந்த இரண்டு பேர் கார், உலகில் இன்றும் அதிகமாக ஓட்டப்படும் பழைய கார்களில் ஒன்று. அதன் பெட்ரோல் கேஜுக்கு வரும் மின்சாரம் பேட்டரியில் கிளம்பி, இக்னிஷன் சாவி வழியாக, ஃபியூஸைத் தாண்டி, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டெபிலைசர் என்ற சிறு பெட்டிக்குள் நுழைந்து கேஜை அடைகிறது. கேஜிலிருந்து பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயர் ஒன்று காரின் நீளம் முழுக்க ஓடிப் பின்னால் டேங்கில் இருக்கும் யூனிட்டுக்குப் போகிறது. யூனிட்டில் மிதவையோடு சேர்ந்து நகரும் ஒரு கம்பி நாக்கு இருக்கிறது. மின்சாரம் அதைத் தாண்டி, டேங்கின் தகட்டில் இறங்கி, காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் அறுந்தாலும் முள்ளுக்கு ஒன்றுதான். டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது முள்ளுக்குத் தெரியாது. தன் வழியாக எவ்வளவு மின்சாரம் போகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி எங்கே வாழ்கிறது என்று பார்த்தால் எதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது தானாக விளங்கும். கேஜ் கண்ணாடிக்குப் பின்னால், மழையும் தூசியும் படாத இடத்தில், சூடான உலர்ந்த அறையில் இருக்கிறது. அதற்குள் நகரும் பாகம் மிகக் குறைவு. வயரின் இணைப்புகளோ காருக்கு அடியிலும் டிக்கியின் மூலையிலும், சக்கரம் வாரியடிக்கும் சேற்று நீருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. டேங்க் யூனிட் ஆண்டுக்கணக்கில் பெட்ரோலுக்குள்ளேயே கிடந்து, கார் ஓடும் ஒவ்வொரு நொடியும் மேலும் கீழும் உரசிக்கொண்டிருக்கிறது. டேங்குக்கும் உடலுக்கும் நடுவில் துருவும் பெயின்டும் ரப்பரும் இருக்கின்றன. எது முதலில் கெடும் என்பதைப் பட்டியல் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் முள் கண்ணுக்கு முன்னால் இருப்பதால் பழி முதலில் அதன்மேல் விழுகிறது.

சோதனையைத் தொடங்குவதற்கு முன் தெரிந்தே ஆகவேண்டிய ஒன்று உண்டு. உங்கள் காரில் இருக்கும் கேஜ் எந்த வகை? பல மணி நேர உழைப்பு வீணாவது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான். மின்சாரக் கேஜ்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. முதல் குடும்பத்தில் முள்ளின் இருபுறமும் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். மின்சாரம் போனால் அவை காந்தமாகி, ஒன்று முள்ளைக் காலிப் பக்கமும் மற்றது நிறைவுப் பக்கமும் இழுக்கும். டேங்க் யூனிட் இந்த இரண்டு இழுப்புகளுக்கு இடையிலான விகிதத்தை மாற்றும். 1955 முதல் 1962 வரை வந்த எம்ஜிஏ காரில் இருப்பது இதுதான். பேட்டரி வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு சுருளிலும் ஒன்றாகவே ஏறி இறங்குவதால் முள் அசையாது. சாவியைப் போட்டதும் சட்டென்று எழும், வளைவில் திரும்பினால் பெட்ரோல் அலம்புவதற்கேற்ப ஆடும். இரண்டாவது குடும்பத்தில் காந்தமே இல்லை. இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டையைச் சுற்றி மெல்லிய சூடேற்றும் கம்பி இருக்கும். மின்சாரம் போனால் பட்டை சூடாகி வளையும், வளைவு முள்ளைத் தள்ளும். முள் நிதானமாக எழுந்து அரை நிமிடம் போலக் கழித்துத்தான் நிலைக்கு வரும். பெட்ரோல் அலம்புவதை அது கண்டுகொள்ளாது. எம்ஜிபியிலும் முதலில் துள்ளும் முள்தான் இருந்தது. 1964-இன் இறுதியில் எஞ்சின் மாறியபோது இந்த நிதானமான முள் வந்தது.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே சோதனை எதிரெதிர் விடை தரும். டேங்க் யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டால் எம்ஜிஏவின் முள் நிறைவுக்குப் போகும், சூடேறும் வகை எம்ஜிபியின் முள் காலிக்கு வரும். அதே வயரை உடலோடு சேர்த்தால் எம்ஜிஏ காலி காட்டும், எம்ஜிபி நிறைவு காட்டும். அமெரிக்காவிலும் இதே பிளவு உண்டு. 1960-களின் நடுவிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் காலி டேங்குக்கு 0 ஓம், நிறைந்த டேங்குக்கு 90 ஓம். அதே காலத்து ஃபோர்டில் காலிக்கு ஏறத்தாழ 73 ஓம், நிறைவுக்கு ஏறத்தாழ 10 ஓம். ஒரு கம்பெனியின் யூனிட்டை இன்னொன்றின் டேங்கில் மாட்டினால், நிறைந்த டேங்குக்குக் காலியும் காலி டேங்குக்கு நிறைவும் காட்டும். ‘வயரை எர்த்தில் தொட்டுப் பார், முள் ஏறினால் கேஜ் நல்லது’ என்ற அறிவுரை பழைய கார்க்காரர்கள் மத்தியில் சாதாரணமாக உலவுகிறது. பாதிக் கார்களுக்கு அது சரி, மீதிப் பாதிக்கு நேர் தவறு. அந்த அறிவுரையை நம்பி நல்ல கேஜை மாற்றியவர் தன் தவறை அறியவே வழியில்லை, ஏனென்றால் புதிய கேஜும் அதே விடையைத்தான் தரும்.

மின்சாரமே இல்லாத கேஜ்களும் உண்டு. 1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் டேங்க் டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே இருந்ததால், தக்கை மிதவையின் அசைவை ஒரு சிறு கண்ணாடி வழியே நேரடியாகப் பார்க்கலாம். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் 1960-களின் தொடக்கம் வரை கேஜே கிடையாது. எஞ்சின் திணறியதும் காலால் ரிசர்வ் திருகைத் தள்ளிவிட வேண்டும். பிறகு சில ஆண்டுகள், மிதவையிலிருந்து டேஷ்போர்டுக்கு ஒரு மெல்லிய கேபிள் போன கேஜ் வந்தது. இவற்றில் மல்டிமீட்டருக்கு வேலை இல்லை.

சூடேறும் வகைக்குத் திரும்புவோம். எதையும் கழற்றுவதற்கு முன் இருக்கையில் உட்கார்ந்தே பாதி விசாரணையை முடித்துவிடலாம். சாவியைப் போட்டு இண்டிகேட்டரும் பிரேக் லைட்டும் எரிகின்றனவா என்று பாருங்கள். எம்ஜிபியில் அவையும் கேஜும் ஒரே ஃபியூஸில் வாழ்கின்றன. அவை எரிந்தால் ஃபியூஸை விட்டுவிடலாம். ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற கார்களில் எஞ்சின் வெப்பம் காட்டும் கேஜும் இதே ஸ்டெபிலைசரில் ஓடுகிறது. அங்கே இரண்டு முள்ளும் சேர்ந்து படுத்திருந்தாலோ சேர்ந்து எகிறியிருந்தாலோ, இரண்டு கேஜும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பில்லை. இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. பெட்ரோல் முள் மட்டும் தவறென்றால் ஸ்டெபிலைசர் குற்றவாளி இல்லை. அடுத்து எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். முள் மெல்ல ஏறி, ஹெட்லைட்டைப் போட்டதும் மெல்ல இறங்கினால் அது டேங்கில் இருக்கும் பெட்ரோலைக் காட்டவில்லை, காரின் வோல்டைக் காட்டுகிறது. மறைமுகமான இந்த அடையாளம் எந்த மீட்டரையும் விடத் தெளிவானது.

ஸ்டெபிலைசரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய காரில் இதைப் போல அநியாயமாகத் தண்டிக்கப்படும் பொருள் வேறில்லை. சூடேறும் கேஜுக்கு வோல்ட் மாறினால் சூடும் மாறும், முள்ளும் மாறும். நின்றிருக்கும் காரில் 12 வோல்ட்டுக்கு அருகிலும், ஓடும் காரில் 14-க்கு மேலும் போவது சாதாரணம். ஆகவே கேஜுக்கு முன்னால் ஒரு காவலாளி தேவைப்பட்டது. வீட்டு இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறியதும் விளக்கு அணைந்து, ஆறியதும் மறுபடி எரிகிறதே, அதே உத்திதான் இங்கும். ஸ்டெபிலைசருக்குள்ளும் ஓர் இரட்டை உலோகப் பட்டை இருக்கிறது. சூடானால் வளைந்து மின்சாரத்தை வெட்டும், ஆறினால் சேர்க்கும். வெளியே வருவது ஒரே சீரான 10 வோல்ட் அல்ல. பேட்டரி வோல்டும் பூஜ்யமும் மாறி மாறி வந்து, சராசரிச் சூட்டில் 10 வோல்ட்டுக்குச் சமமாக முடிவது. கேஜும் சூட்டினால் ஓடுவதால் சராசரியே அதற்குப் போதும். இது தெரியாமல் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் எண்கள் தாவிக் குதிக்கும், ‘ஸ்டெபிலைசர் போச்சு’ என்று தீர்ப்பு வந்துவிடும். உண்மையில் தாவுவதுதான் அது வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி. கேஜ் இணைப்பில் இருக்கும்போதே அதன் வெளிவாயில் ஒரு சிறு டெஸ்ட் பல்பை வையுங்கள். பல்பு மினுக்கினால் நல்லது. எரியாமல் போனால் உள்ளே தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது பெட்டிக்கு எர்த் இல்லாமல் இருக்கலாம். இந்த இரண்டாவது காரணத்தை முதலில் பாருங்கள். பட்டையைச் சூடாக்கும் கம்பி எர்த் வழியாகத்தான் ஓடுகிறது. பெட்டியை உடலோடு பிடிக்கும் திருகுக்கு அடியில் துரு ஏறினால் பட்டை சூடாகவே ஆகாது, முழு பேட்டரி வோல்டும் கேஜுக்குப் போய் முள் கூடுதலாகக் காட்டும். திருகைக் கழற்றி, உப்புத்தாளால் தகடு மினுங்கும்வரை தேய்த்து மாட்டினால் போதும்.

இனி டேங்கின் பக்கம். இங்கே சோதனையின் வரிசை உயிர் சம்பந்தப்பட்டது. டேங்க் வயரை எர்த்தில் தொட்டு எடுத்தால் சின்னப் பொறி வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும், பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியிலும்கூடத் தீப்பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆவி தருவது பெட்ரோல். ஆகவே சாவியை அணைத்துவிட்டு வயரைக் கழற்றி, அதை உடலின் சுத்தமான தகட்டோடு கிளிப்பால் பிடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சாவியைப் போட வேண்டும். அகற்றும்போதும் முதலில் சாவி, பிறகுதான் கிளிப். பொறி வந்தால் அது டேங்குக்குப் பக்கத்தில் வராமல் சாவியின் உள்ளே வரட்டும். முள் நிறைவை நோக்கி ஏறத் தொடங்கியதும் சாவியை அணைத்துவிடுங்கள். சூடேறும் கம்பி இப்படி அளவுக்கு மீறிய மின்சாரத்தை நெடுநேரம் தாங்காது. முள் ஏறிவிட்டால் கேஜ் நல்லது, ஃபியூஸ் நல்லது, காரின் நீளம் முழுக்க ஓடும் வயரும் நல்லது. இந்த ஒரே சோதனையில் சங்கிலியின் முக்கால் பாகம் குற்றத்திலிருந்து விடுதலையாகிவிடுகிறது. ஏறாவிட்டால் அதே சோதனையைக் கேஜின் முதுகில், டேங்க் வயர் கிளம்பும் முனையில் செய்யுங்கள். அங்கே ஏறினால் வயரில்தான் எங்கோ முறிவு. பிரிட்டிஷ் கார்களில் வயர்கள் குண்டு வடிவப் பித்தளை முனைகளால் சேர்க்கப்பட்டிருக்கும்; டிக்கிக்குள் அவற்றில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கும் ஏறாமல், கேஜுக்கு மின்சாரம் வருவதும் உறுதியானால் மட்டுமே கேஜைக் கழற்றும் உரிமை உங்களுக்கு வருகிறது.

டேங்க் பக்கம் செய்த சோதனையிலேயே முள் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டைக் கழற்ற உடனே ஸ்பேனரைத் தேடாதீர்கள். சாவி அணைந்திருக்கையில் வயரை யூனிட்டில் திரும்ப மாட்டி, யூனிட்டின் உலோக விளிம்பிலிருந்து உடலின் சுத்தமான ஒரு போல்ட்டுக்கு இன்னொரு வயரைப் பிடித்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். இப்போது முள் சரியாகக் காட்டினால் குற்றவாளி எர்த். அழகாகப் புதுப்பித்த கார்களில்தான் இந்தக் கோளாறு அதிகம் எதிர்பார்க்கப்பட வேண்டியது என்பது முரணாகத் தோன்றலாம். காரணம் எளிது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது டேங்கின் போல்ட்டுகள் பெயின்டைக் கீறி உலோகத்தைத் தொட்டிருந்தன. புதுப்பித்தவர் டேங்கை மணலடித்துச் சுத்தம் செய்து, தடிமனான பவுடர் பூச்சு கொடுத்து, உடலுக்கும் புதிய பெயின்ட் அடித்து, நடுவில் புதிய ரப்பர் பட்டையும் வைத்து மாட்டுகிறார். பார்க்கக் குறையில்லாத வேலை, ஆனால் மின்சாரத்துக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிட்டது. மறைவான ஒரு போல்ட்டின் அடியில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டி, பல்வைத்த வாஷர் ஒன்றைப் போட்டால் தீர்ந்துவிடும் இந்த விஷயத்துக்குத்தான் புதிய கேஜும் புதிய யூனிட்டும் வாங்கப்படுகின்றன.

எர்த் கொடுத்தும் முள் மாறாவிட்டால் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டியதுதான். பேட்டரி இணைப்பைக் கழற்றி, திறந்த வெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, சூடாகும் குண்டு பல்பு விளக்கு எதுவும் அருகில் இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. எம்ஜிபியின் யூனிட் டேங்கின் பக்கச் சுவரில் இருக்கிறது. டேங்கில் பெட்ரோல் அந்த மட்டத்துக்கு மேல் இருக்கும்போது பூட்டு வளையத்தைத் திருப்பினால் கை நனைவதோடு நிற்காது. வெளியே எடுத்த யூனிட்டைத் துடைத்து, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, மிதவைக் கையைக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்துங்கள். ஸ்மித்ஸ் கம்பெனியின் சூடேறும் வகைக் கேஜுக்கான யூனிட்டில் காலி நிலையில் ஏறத்தாழ 250 ஓம், நிறைவில் 20 முதல் 30 ஓம் வரை எதிர்பார்க்கலாம். முக்கியமானது இரண்டு முனை எண்களைவிட நடுவழி. எண் சீராக இறங்கிக்கொண்டே வரவேண்டும். ஓரிடத்தில் சட்டென்று எல்லையில்லாமல் எகிறினால் அங்கே கம்பிச் சுற்று தேய்ந்துவிட்டது. பாதி டேங்க் வரை ஒழுங்காக இறங்கிவந்து, ஒரு புள்ளியில் திடீரென்று காலிக்குச் சாய்ந்து, பிறகு கால் டேங்குக்கு எழும் முள்ளின் கதை இதுதான். ஓட்டுகிறவர்கள் நடு டேங்கிலேயே மறுபடி பெட்ரோல் போடும் வழக்கம் உள்ளவர்களாக இருந்தால் தேய்மானமும் நடுவில்தான் இருக்கும்.

யூனிட்டின் ஓம் சரியாக இருந்தும் முள் காலியிலேயே கிடந்தால் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்டால் அது மூழ்கிய மிதவை. பித்தளை மிதவையின் இரண்டு அரைக்கிண்ணங்கள் சேரும் ஈயப் பற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். வெந்நீரில் அமுக்கிப் பிடித்தால், அடுப்புக்கு வெகு தூரத்தில், அந்த இடத்திலிருந்து குமிழிகள் வரும். மறுபடி ஈயம் வைத்து அடைக்கலாம். ஆனால் உள்ளே ஒரு சொட்டுப் பெட்ரோலோ ஆவியோ மிச்சமிருக்கும்போது சூடான கருவியை அதன் அருகில் கொண்டுபோவது வெடியைக் கையில் வைத்துத் திரி கொளுத்துவது. புதிய மிதவை கிடைக்கும் காருக்கு அதையே வாங்கிப் போடுவது நல்லது. பாகத்தை மாற்றாதே என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கும் இதற்கும் முரணில்லை. குற்றம் நிரூபணமான பிறகு மாற்றுகிறோம்.

மிதவை விஷயத்தில் இன்றைய பெட்ரோலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. இந்தியாவில் 2025-இல் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரும், ஃபியட் 1100-இன் வழிவந்த பத்மினியும், 1960-களில் சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இந்தக் கலவையை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை அல்ல. மிகப் பழைய கார்களின் தக்கை மிதவைகள் அரக்குப் பூச்சால் பெட்ரோலைத் தடுத்துக்கொண்டிருந்தன. அரக்கு பெட்ரோலில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். பூச்சு போனதும் தக்கை உறிஞ்சிக் கனத்து மூழ்கும். அதைவிடப் பரவலான தீங்கு வேறு. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில் அந்த ஈரம் டேங்கின் அடியில் தங்கி, யூனிட்டின் கம்பிச் சுற்றையும் நாக்கையும் அரிக்கும். கார் ஓடினாலே பாதி நோய் தீரும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும்.

சோதித்துத் தேடும் இந்த முறைக்கு வரும் முதல் மறுப்பு நியாயமானதுதான். புதிய டேங்க் யூனிட் ஒன்றும் தங்க விலை இல்லை. இத்தனை சோதனைக்கு ஆகும் நேரத்தில் மாற்றிவிட்டுப் போகலாமே? விலை மட்டும் பிரச்சினையாக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் எர்த் இல்லாத காரில் புதிய யூனிட்டும் மௌனமாகவே இருக்கும், அதற்காக ஒருமுறை பெட்ரோல் டேங்கைத் திறந்தாக வேண்டும். தேவையில்லாமல் டேங்கைத் திறக்காமல் இருப்பதற்காகவே இந்தச் சோதனைகளைச் செய்வது தகும். மேலும், இன்று கிடைக்கும் மாற்று யூனிட்டுகளின் ஓம் அளவு அசல் கேஜோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. பல கார்களுக்குப் பொதுவாகச் செய்யப்படுபவையும் உண்டு; மிதவைக் கையின் நீளமும் வளைவும் அந்த டேங்குக்கானதாக இல்லாவிட்டால் முள் ஒருபோதும் நிறைவைத் தொடாது. அசல் யூனிட் வெறுமனே அழுக்கேறிக் கிடந்திருந்தால் அதைச் சுத்தம் செய்து மாட்டியவர், புதியது வாங்கியவரைவிடச் சரியான கேஜை வைத்திருப்பார்.

ஸ்டெபிலைசருக்குப் பதிலாக ஒரு சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் போட்டுவிட்டால் நிம்மதி என்பவர்களும் உண்டு. 7810 என்ற மூன்று கால் சில்லு சீரான 10 வோல்ட் தரும், நகரும் பாகம் இல்லை, நீண்ட நாள் உழைக்கும். பழைய ஸ்டெபிலைசர் செத்துவிட்டது என்று பல்பு சோதனை சொன்னால் இதைப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழைய பெட்டிக்குள்ளேயே அதை ஒளித்துவைத்தால் கார் பார்க்க அசலாகவே இருக்கும். ஆனால் 1967 வரை வந்த எம்ஜிபி உட்பட அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதில் 7810-ஐ அப்படியே மாட்டினால் முதல் நொடியிலேயே எரிந்துவிடும். எதிர்முனைக்கான 7910 வேண்டும். பழைய பட்டை வகைக்கு எந்த முனை எர்த் என்ற கவலையே இல்லை, சூடு முனை பார்ப்பதில்லை. புதுத் தொழில்நுட்பம் வந்தாலும், இந்தக் கார் எந்த வகை என்ற முதல் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

இத்தனை பாடு எதற்கு, ஒரு குச்சியை டேங்கில் விட்டுப் பார்த்தால் போதாதா, ஓடிய கிலோமீட்டரைக் கணக்குப் பார்த்தால் போதாதா என்பது மூன்றாவது மறுப்பு. மாதம் ஒருமுறை கோயிலுக்குப் போய்வரும் காருக்குப் போதும்தான். ஆனால் கணக்குத் தவறினால், எம்ஜிபியின் எஸ்யு மின்சாரப் பம்ப் பெட்ரோல் தீர்ந்ததும் நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்; அதன் தொடர்பு முனைகளுக்கு அது நல்லதல்ல. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெட்ரோல் டேங்கின் எர்த் சரியில்லை, டேங்குக்கு அருகில் வயர் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அந்த முள் அசைந்தும் அசையாமலும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நிறைவிலேயே ஒட்டிக்கொண்ட எம்ஜிபி முள் என்றால், டேங்க் வயர் வழியில் எங்கோ உரிந்து உடலைத் தொடுகிறது என்று பொருளாக இருக்கலாம். அந்தச் செய்தியைக் குச்சி சொல்லாது.

கோளாறு தீர்ந்து மாட்டிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். சமதளத்தில் காரை நிறுத்தி, காலி டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிலைக்கு வரக் காத்திருந்து, அது எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மிதவை அளப்பது பெட்ரோலின் உயரத்தை, கொள்ளளவை அல்ல. டேங்கின் மேல்பகுதி அகலமாகவும் அடிப்பகுதி குறுகலாகவும் இருந்தால் முதல் பாதி மெதுவாகவும் இரண்டாம் பாதி வேகமாகவும் இறங்கும். அது கோளாறு அல்ல, அந்த டேங்கின் குணம். ஸ்மித்ஸ் கேஜின் முதுகில் காலிக்கும் நிறைவுக்கும் தனித்தனியே சரிசெய்யும் இரண்டு துளைகள் உண்டு. மேலே சொன்ன ஒவ்வொரு கண்ணியும் நல்லது என்று உறுதியான பிறகும் முள் இரண்டு முனையிலும் ஒரே அளவு தள்ளி நின்றால் மட்டும் அவற்றைத் திறக்கலாம். எர்த் கோளாறை மறைப்பதற்காக அவற்றைத் திருகியவர், எர்த் சரியான அன்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.